சனிக்கிழமை செத்த மீன்குஞ்சுகள்

7.7.97, திங்கள்

மீன்காரர் எலியேசர் இன்றும் ஒரு கேன்தான் கொண்டுவந்தார். மணப்பாட்டிலிருந்து பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றி வருகிற வேனில் இரண்டு கேன் கடல்தண்ணீருக்கு இடமில்லையாம். "ஊரே ஆத்துத் தண்ணிக்கு அடிச்சுக்கிடுது, நீங்க உப்புத் தண்ணிக்கு அலையுதீய டீச்சர்" என்று சிரிப்பு வேறு. சிரிக்கட்டும். தண்ணீரைக் கொண்டுவந்தால் போதும்.

கோமாளி மீன் ஜோடி மறுபடி முட்டை இட்டிருக்கிறது. மண்சட்டியின் உள்பக்கம், கேசரி நிறத்தில், முன்னூறு நானூறு இருக்கும். ஆண்தான் காவல். வாயாலும் துடுப்பாலும் துடைத்து விசிறிக்கொண்டே இருக்கிறது. இந்த வீட்டில் பொறுப்புள்ள ஆம்பிளை அது ஒன்றுதான்.

ராத்திரி சாப்பாட்டில் பஞ்சாயத்து. மகள் விஜயஸ்ரீ பிளஸ் டூ வந்துவிட்டாள், படிக்க மீன் தொட்டி இருக்கிற அறை வேண்டும் என்கிறாள். என் வீட்டுக்காரர் தீர்ப்பு சொன்னார்: ஆவணி கடைசிக்குள் ஒரு குஞ்சாவது வெள்ளைக் கோடு விழுந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியைத் தூக்கிவிட வேண்டும். கோடு விழுந்தால் குஞ்சு தப்பித்தது என்று நான்தான் இவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் வாய்தான் எனக்குச் சத்துரு.

எம்.எஸ்ஸி. முடித்ததும் மண்டபத்தில் கடல் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று அப்பா அனுப்பவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தவளை அறுத்துக் காட்டுகிறேன். ஒரு அறை கேட்டால் தப்பா?

15.7.97, செவ்வாய்

பொரிந்துவிட்டன! நேற்று விளக்கை அணைத்து ஒரு மணி நேரத்தில் அத்தனையும். கண்ணு மட்டும் தெரிகிறது, உடம்பு இருக்கிறதா என்றே சந்தேகம். குஞ்சுக்குப் பொடிப்பூச்சி, பொடிப்பூச்சிக்குப் பாசி வளர்ந்த பச்சைத்தண்ணீர், பச்சைத்தண்ணீருக்கு மொட்டைமாடி வெயில், இத்தனைக்கும் நான். காலையில் மாடிக்கும் தொட்டிக்குமாக ஏழு தடவை ஏறி இறங்கியதில் பஸ்ஸை விட்டேன். ஹெச்.எம். முறைத்தார்.

மத்தியானம் கரண்ட் போய் காற்று மோட்டார் நின்றதாம். நல்லவேளை, வீட்டு வேலைக்கு வருகிற அன்னத்தாய் இருந்தாள். சைக்கிள் பம்பால் அரைமணி நேரம் அடித்தாளாம்.

18.7.97, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காலையில் அன்னத்தாய் வீட்டைக் கழுவித் துடைத்தாள். சாயங்காலம் விளக்கேற்றி, வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டினேன். மீன் அறையில் கூடுதலாக இரண்டு சுற்று. திருஷ்டி கிருஷ்டி எல்லாம் நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் பக்கத்து வீட்டு சித்ரலேகா நேற்று வந்து வாயைப் பிளந்துவிட்டுப் போனாள். எதற்கு வம்பு.

19.7.97, சனி

எல்லாம் போச்சு. ஒன்றுகூட மிச்சமில்லை. அடியில் வெள்ளையாக, ரவை கொட்டின மாதிரி.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சனிப் பொணம் தனியாப் போகாதும்பாக. சரியாத்தான் இருக்கு" என்றார். இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எலியேசரிடம் சத்தம் போட்டேன். வள்ளத்து டீசல் மிதக்கிற இடத்தில் மொண்டிருப்பார். இடுப்பளவு இறங்கித்தான் மொண்டேன் என்று வேதப்புத்தகத்தின் மேல் சத்தியம் செய்கிறார். யாரை நம்புவது?

24.7.97, வியாழன்

மறுபடி முட்டை. இந்த அம்மாளுக்கு அலுக்கவே அலுக்காது போல.

1.8.97, வெள்ளி

நேற்று இரவு பொரிந்தன. இந்தத் தடவை எலியேசர் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, இரண்டு நாள் வைத்துத்தான் ஊற்றினேன். வீடு கழுவி, விளக்கு, சாம்பிராணி எல்லாம் ஆயிற்று. காந்திமதி அம்பாளே, இந்த ஈட்டுக் குஞ்சுகளையாவது காப்பாற்று.

2.8.97, சனி

இன்றைக்கும் அதே கதி.

இந்த நாட்குறிப்பைப் புரட்டினேன். ஜூனில் செத்துப்போன ஈடும் சனிக்கிழமைதான்! அப்படியென்றால் வெள்ளிக்கிழமை என்னவோ நடக்கிறது. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் என்ன நடக்கிறது? வீடு கழுவுவது நடக்கிறது. பினாயில்!

அன்னத்தாய் வந்ததும் கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேன், ஏசினேன் என்பதுதான் சரி. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், கழுவுகிற கையோடு அந்த அறைப் பக்கம் போகாதே என்று.

"அந்த ரூமுக்குத் தனித் துணி வச்சிருக்கேன் டீச்சர். வெறும் தண்ணிதான் தொட்டுத் துடைக்கேன்" என்றாள்.

ஆகா, தனித் துணியாம். நான் வாங்கிக் கொடுக்காத துணி எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்த பிள்ளைகள் சொல்லாத சமாதானமா? நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். அவள் தேய்த்துக்கொண்டிருந்த குக்கரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். ஒன்பது வருடம். சரி, நானூறு உயிருக்கு யார் பதில் சொல்வது?

4.8.97, திங்கள்

முட்டை வைத்திருக்கிறது. பாத்திரம் மலையாகக் கிடக்கிறது. இவரும் மகளும் தட்டைக் கழுவினால் கிரீடம் இறங்கிவிடும்.

12.8.97, செவ்வாய்

பொரிந்தன. யாரிடமும் சொல்லவில்லை.

15.8.97, வெள்ளி

சுதந்திரப் பொன்விழா. காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடம் போனவள், ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு வந்தேன். ஊர்வலம், கொடி, கலைநிகழ்ச்சி, வெயிலில் மயங்கி விழுந்த மூன்று பிள்ளைகள், எண்ணி எண்ணிக் கொடுத்தும் பற்றாமல் போன லட்டு. ஆடிக் கடைசி வெள்ளி என்பதே விளக்கைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது. விளக்கை மட்டும் ஏற்றினேன். சாம்பிராணித் தட்டை எடுக்க இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

16.8.97, சனி

உயிரோடு இருக்கின்றன! இரண்டு தடவை கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அத்தனையும்!

அன்னத்தாய் போன பிறகு பிறந்த குஞ்சு அத்தனையும் வெள்ளியைத் தாண்டிப் பிழைத்திருக்கிறது. இனி எவரும் எனக்குப் பாடம் சொல்ல வேண்டாம். இவரிடம் சொன்னேன். "அந்தப் புள்ள அப்படிச் செய்யாதே" என்று இழுத்தார். குஞ்சைக் காட்டினேன்.

21.8.97, வியாழன்

பத்துப் பதினைந்துக்குக் கண்ணுக்குப் பின்னால் லேசாக வெளுப்பு. கோடாகத்தான் இருக்க வேண்டும். விஜயஸ்ரீயே தோழியைக் கூட்டிவந்து காட்டினாள். அறை கேட்டவள்!

22.8.97, வெள்ளி

மனசு நிறைந்திருக்கிறது. பினாயில் இல்லாமல் வீட்டை நானே துடைத்தேன். இடுப்பு போயிற்று, பரவாயில்லை. போன வாரம் விட்டதற்கும் சேர்த்து இன்று சாம்பிராணி. மீன் அறையில் நின்று நிதானமாக, எதிரே தொட்டி தெரியாத அளவுக்கு.

23.8.97, சனி

எழுதவே பிடிக்கவில்லை. பதினொன்று மிச்சம்.

அன்னத்தாய் இல்லை. பினாயில் இல்லை. அறைக்குள் போனது நான் மட்டும்தான்.

24.8.97, ஞாயிறு

காற்று மோட்டார் கரகரவென்று சத்தம் போட்டது. திறந்தேன். அடியில், காற்று இழுக்கிற ஓட்டையில் ஒரு வெள்ளைக் கம்பளித் துண்டு இருக்கும். வெள்ளையாக இல்லை. காப்பி டிகாஷன் நிறத்தில், பிசுபிசுவென்று. மூக்கருகே கொண்டுபோனேன்.

பூசை அறை வாசம்.

அறையில் இருக்கிற காற்றைத்தான் மோட்டார் இழுத்துத் தண்ணீரில் விடுகிறது. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். செவுள் பாடம் இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன் நான். வெள்ளிக்கிழமைதோறும் கரி மூட்டி, ஊதி, புகையை அந்த ஓட்டைக்கு எதிரே பிடித்துக்கொண்டு, நல்லா இருங்க, நல்லா இருங்க என்று சுற்றியிருக்கிறேன். கோட்டிக்காரி.

மோட்டாரைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய்க் கூரைக்கடியில் மாட்டி, குழாயை ஜன்னல் வழியாக விட்டாயிற்று. இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

25.8.97, திங்கள்

அன்னத்தாய் வீட்டுக்குப் போக வேண்டும். போகவில்லை.

28.8.97, வியாழன்

போகவில்லை. பரீட்சைத்தாள் கிடக்கிறது. பொய். தாள் நேற்றே திருத்தி முடித்துவிட்டேன்.

31.8.97, ஞாயிறு

போனேன். குலவணிகர்புரத்தில் ரயில்வே கேட் தாண்டி வீடு. ஒன்பது வருடத்தில் ஒருநாளும் போனதில்லை; நாலு பேரிடம் விசாரிக்க வேண்டியதாயிற்று. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கடையிலிருந்து கலர் வாங்கிவரச் சொல்லி மகளை அனுப்பினாள். நான் நாற்காலியில், அவள் தரையில்.

எப்படியோ சொல்லிவிட்டேன். சாம்பிராணி, மோட்டார், எல்லாம். தப்பு என்மேல்தான் என்று. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா டீச்சர்" என்றாள். "நீங்க திறந்துபோட்ட பீரோவை ஒம்பது வருசமாக் காவல் பாத்தவ நான். பம்பு வச்சு அடிச்சுக் காப்பாத்துன மீனையா கொல்லுவேன்?"

வேலைக்கு வா என்று கேட்டேன். "வேற வீடு பிடிச்சிட்டேன். அங்கன ஏச்சு கிடையாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கலரைக் குடித்து முடித்தேனா என்று பார்த்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள். கோடு விழுந்ததும் வந்து பார்க்கிறேன் என்றாள்.

13.9.97, சனி

சனிக்கிழமை. பதினொன்றும் இருக்கின்றன. பதினொன்றுக்கும் கோடு. இவர் எண்ணிப் பார்த்துவிட்டு, ஆவணி முடிய இன்னும் மூணு நாள் இருக்கு என்று அறையை எனக்கே எழுதிக் கொடுத்தது போலச் சொன்னார். விஜயஸ்ரீ மாடியில் மேசை போட்டுக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஒருத்தரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும் போல இருக்கிறது. கோடு விழுந்துவிட்டது என்று அன்னத்தாய்க்கு எலியேசர் மூலம் சொல்லி அனுப்பினேன்.

19.9.97, வெள்ளி

அன்னத்தாய் வரவில்லை.

ஒரு மாதமாக வீட்டில் சாம்பிராணி இல்லை. இன்று நடையிலும் கூடத்திலும் மட்டும் காட்டலாம் என்று நினைத்தேன். புகை மீன்பக்கம் போகாமல் இருக்க அந்த அறைக் கதவைச் சாத்தினேன். எப்போதும் சுவரோடு திறந்தே கிடக்கிற கதவு. இந்த வீட்டுக்கு வந்து அதைச் சுவரிலிருந்து இழுத்துச் சாத்தியது இதுதான் முதல் தடவை.

கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு துணி. பழைய பாவாடைக் கிழிசல், என் வீட்டுத் துணி இல்லை. உப்புப் பூத்து அப்பளமாக விறைத்திருந்தது. மோந்து பார்த்தேன். பினாயில் வாசமே இல்லை.

சாம்பிராணித் தட்டைக் கொல்லையில் வைத்து அணைத்தேன். அந்தத் துணியை வெறும் தண்ணீரில் நனைத்து, அறையைத் துடைத்து, பிழிந்து, அதே ஆணியில் மாட்டினேன்.