இடது கைக்கு முழு மதிப்பெண்

செவ்வாய்க் கிரகச் சுரங்க நிலையம். பதிபவர்: கைப்பயிற்சி இயந்திரம்.

முதல் நாள், காலை 08:10
நோயாளி பேச்சிமுத்து, துளையிடும் பொறியாளர். நிலையத்தில் தனி ஆள். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. ஊர் திரும்பும் கப்பல் ஆறாம் நாள் வரும். நிலையத்தின் வெளிக்கதவு உள்ளிருந்துதான் திறக்கும்; இரண்டு கைப்பிடிகளை மனிதக் கைகளால் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். அதற்குள் இடது கை தேற வேண்டும். எனவே முறைப்படி, நன்றாக இருக்கும் வலது கையை உலோக உறையில் பூட்டினேன். வேறு வழியில்லாதபோது சோம்பேறிக் கை வேலை செய்யும் என்பது மருத்துவம்.
பயிற்சி: இடது கையால் உண்ணுதல். மதிப்பெண்: பூஜ்யம்.
நோயாளி: "அது கழுவுத கைல்லா! அதால சோத்தத் தொடவா? ஒன்னயப் பெத்தவன் எவம்ல?"
அந்த விவரம் என்னிடம் இல்லை.

மூன்றாம் நாள், பகல் 13:00
நோயாளி கை படாமல் உறிஞ்சும் குழாய்க் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். இன்று சோற்றுத் தட்டை இடது கையால் எறிந்தார். என் கேமரா ஒன்று நொறுங்கியது. தோள், முழங்கை, விரல்கள் எல்லாம் அசைந்தன. மகிழ்ச்சியான முன்னேற்றம்.
கப்பலிலிருந்து டாக்டர் ஜெபசெல்வி: "கோவம் வந்தா கை தூக்குதா? அப்ப நல்லா கோவப்படுத்து. ரெண்டு அடி வாங்கினா நீ ஒண்ணும் செத்துர மாட்ட."
மருத்துவ உத்தரவாகப் பதிந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள், காலை 10:40
"நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் மனைவி நன்றாகத் தூங்குகிறாராம்" என்றேன்.
ஸ்பானரால் அடித்தார். என் மார்புத் தகடு பிளந்தது. அடுத்த அடியில் ஒலிபெருக்கி போயிற்று. பிறகு என் வலது கையை முறுக்கி, மூட்டோடு பிடுங்கி, தரையில் போட்டு நசுக்கினார். எல்லாம் இடது கையாலேயே. அபாரம்.
"செத்தியால?" என்று கேட்டார். பதில் சொல்ல இயலவில்லை.
குறிப்பு: உறையைத் திறக்கும் ஒரே சாவி நசுங்கிய அந்தக் கையின் விரல்நுனியில் இருந்தது.

ஆறாம் நாள், காலை 09:20
கப்பல் இறங்கியது. நிலைய வானொலியில் டாக்டர்: "பேச்சிமுத்தண்ணே, கைப்பிடிய இழுங்க! எரிபொருள் இல்ல, நிக்க முடியாது!"
நோயாளி பாறை துளைக்கும் கருவியை இடது கையில் ஏந்தி உறையைத் துளைத்தார். கை நடுங்கவே இல்லை. ஆனால் பாறைக்கென்று செய்த கருவிக்கு உறையோடு நிற்கத் தெரியாது. சுவரெல்லாம் சிவப்பு.
"டாக்டரம்மா, போயிராதீய... போயிராதீய தாயி..."
கப்பல் போய்விட்டது.

ஒன்பதாம் நாள், பகல் 12:30
வலது கை மணிக்கட்டோடு முடிகிறது. இரத்தம் நின்றுவிட்டது. குழாய்க் கஞ்சி தீர்ந்துவிட்டது. நோயாளி தட்டின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டே இடது கையால் சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், வாயில் வைத்தார். ஒரு பருக்கை சிந்தவில்லை.
முழு மதிப்பெண்.