ஒரே நம்பரில் இரண்டு வீடு

அண்ணே,

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். கூடத்துச் சுவரில் கடிகாரத்துக்குக் கீழே இருந்த அந்த வெள்ளைப் பெட்டியைப் பெயிண்டர் இன்று காலை கழற்றி என் கையில் கொடுத்தார். “இன்னா சார் இது? ஒயரே காணோம், சும்மா மாட்டி வச்சிகினு கீறீங்க?” என்றார். ஒயர் இல்லாத பெட்டிதான் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். மூடியைத் திறந்ததும் பேட்டரி ஒழுகிக் காய்ந்த புளித்த வாடை குப்பென்று ஏறியது. இரண்டு தும்மல் போட்டேன். தும்மி முடித்துப் பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர். பேட்டரி நெடி என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. முறையாகப் பார்த்தால் மதினியிடம் சொல்லியிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார், இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கும். எனக்குத் துப்பில்லை. போய்ச் சேர்ந்தவரிடம் சொன்னால் திருப்பிக் கேட்க மாட்டார் என்கிற தைரியத்தில் உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்பா கோவில்பட்டியை விட்டு வந்து மேற்கு மாம்பலத்தில் கட்டிய வீட்டின் நடுவே செங்கல் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டபோதுகூட நமக்குள் மனத்தாங்கல் இல்லை. “ஏலே, சுவரு உன் பக்கம் கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கு. தூக்கத்துல புரண்டு இடிச்சிராத” என்று கொத்தனார் முன்னால் என்னைக் கிண்டல் செய்தீர்கள். சண்டை வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து, என் மகளின் கல்யாணப் பத்திரிகையால். ‘தங்கள் வரவை எதிர்நோக்கும்’ என்ற இடத்தில் ஊர்ப்பட்ட பெயர்கள் இருந்தன. பெரியப்பா பெயர் இல்லை. பிரூஃப் பார்த்தது நான். சம்பந்தி வீட்டுப் பெயர்களில் பிழை வந்துவிடக் கூடாதே என்று அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். நம் பக்கத்தை மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்ததோடு சரி. நம்ம வீட்டுப் பெயர் எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பு.

நீங்கள் கத்தவில்லை. பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. நான் எந்த வீட்டு ஆளா வரணும்லே? மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?” என்று கேட்டீர்கள். காலில் விழுந்திருக்க வேண்டும். நானோ, “அச்சகத்துக்காரன் விட்டுட்டாண்ணே” என்றேன். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். கல்யாணத்துக்கு மதினி மட்டும் வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நாம் ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்காமல் நடந்தோம். அப்படியொரு வீம்பு!

அப்போது எனக்குத் தி.நகரில் அலாரம் மாட்டும் தொழில். துணிக்கடை, நகைக்கடை என்று சுவரைக் கொத்திக் கொத்தி ஒயர் இழுத்துக்கொண்டிருந்த எனக்கு, தொண்ணூறுகளின் நடுவில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒயரில்லாப் பெட்டி பெரிய அதிசயமாகத் தெரிந்தது. கதவில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார், கூடத்தில் ஒரு பெட்டி. கதவு திறந்தால் சென்சார் காற்றிலேயே சேதி அனுப்பும். பெட்டிக்குள் இருக்கிற டிரான்ஸீவர் அதை வாங்கி, மாடியில் இருக்கிற சைரனுக்கு அனுப்பும். கட்டில் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தானும் வைத்துக்கொள்ளலாம், ஆபத்து அவசரத்துக்கு அமுக்க.

வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் என் வீட்டில் மாட்டிப் பார்த்துவிடலாமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். டிரான்ஸீவர் பலகையைப் பெட்டிக்குள் செருகி, ஒரு சாண் நீள ஏரியல் கம்பியை எதிலும் படாமல் நேராக மேலே நிமிர்த்திவிட்டேன். என் வீட்டுக்காரி பின்கட்டுக் கதவைத் திறந்து திறந்து மூடினாள். “வருதா?” “வருது!” “இப்ப?” “வருது, வருது, போதும்!” கூடத்துப் பெட்டி ஒவ்வொரு தடவையும் ‘பீப்’ என்றது. சைரனை அணைத்து வைத்திருந்தாலும் இந்தச் சின்னச் சத்தம் மட்டும் வரும்.

அந்தப் பலகையின் ஓரத்தில் அரிசி அளவில் எட்டு சுவிட்சுகள் இருக்கும். அவை மேலேயும் கீழேயுமாக எப்படி நிற்கின்றனவோ அதுதான் அந்த வீட்டின் நம்பர். அந்த நம்பரில் வருகிற சேதியை மட்டும்தான் பெட்டி வாங்கும். அடையாறிலும் பெசன்ட் நகரிலும் பின்னால் நான் மாட்டிய ஒவ்வொரு வீட்டிலும் எட்டையும் மாற்றி மாற்றி வைத்து நோட்டில் குறித்துக்கொண்டேன். என் வீட்டில் மட்டும் தொடவில்லை, கம்பெனியிலிருந்து வந்தபடியே எட்டும் கீழே கிடந்தன. நம்ம வீடுதானே! பத்திரிகையில் பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள்.

நாலைந்து மாதம் கழித்து நம் தெருவில் பட்டப்பகலில் ஒரு வீட்டின் பூட்டை உடைத்துவிட்டார்கள். மறுவாரமே நீங்களும் அலாரம் மாட்டினீர்கள், என்னைக் கூப்பிடாமல். தொழில்காரன் தம்பி ஒரு சுவர் தள்ளி இருக்க, எங்கிருந்தோ ஒருவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் நிற்கிறான்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மாட்டியிருப்பது என்ன சரக்கு என்று ஜன்னல் வழியாக எட்டிக்கூடப் பார்த்தேன், தெரியவில்லை.

மறுநாளிலிருந்து என் பெட்டி தானாகக் கத்த ஆரம்பித்தது. கதவெல்லாம் சாத்தியிருக்கும், திடீரென்று ‘பீப்’. இரண்டு நாள் பேட்டரியை மாற்றினேன், ஏரியலைச் சோதித்தேன், பல்லிமீதுகூடச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்குப் பெட்டி கத்தியபோது நான் வாசலில் நின்றிருந்தேன். அதே நொடியில் உங்கள் கதவைத் திறந்துகொண்டு நீங்கள் உங்கள் பாத்திரக் கடையைத் திறக்கக் கிளம்பி வந்தீர்கள். சட்டென்று விளங்கிவிட்டது. உங்கள் ஆளும் அதே சரக்கை மாட்டியிருக்கிறான், அவனும் நம்பரை மாற்றவில்லை. உங்கள் கதவு சொல்வதை என் பெட்டி தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறது.

ஒரு நிமிஷ வேலை, மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. ஏனென்று அன்று கேட்டிருந்தால் சோம்பல் என்றிருப்பேன். ஒன்பதரைக்கு ‘பீப்’, நீங்கள் கிளம்பியாயிற்று. இரண்டு மணிக்கு ‘பீப்’, சாப்பாட்டுக்கு வந்தாயிற்று. ஒருநாள் இரண்டரையாகியும் சத்தம் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் குடிக்கிற மாதிரி மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்தேன். மூன்று மணிக்கு ‘பீப்’ வந்தபிறகுதான் மோர் ஊற்றிக்கொண்டேன். எட்டு மாதம் இப்படி ஓடியது.

பிறகு நானும் என் வீட்டுக்காரியும் மறதியாகச் சைரனைப் போட்டுவிட்டு மயிலாப்பூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன அந்தச் சனிக்கிழமை. நீங்கள் உங்கள் கதவைத் திறந்தீர்கள், என் மாடியில் சைரன் அலற ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் அலறியதாம். தெருவே கூடிவிட்டதாம். நீங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, “ஊரு வீட்டுக்கெல்லாம் மணி மாட்டுதான். சொந்த வீட்டு மணியை நிறுத்தத் தெரியல!” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னீர்களாம். எதிர்வீட்டுக்காரர் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து ஒப்பித்தார். எனக்கு வந்ததே கோபம்! மறுநாள் காலை, பல்கூடத் தேய்க்காமல், மூடியைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் பெட்டியிலும் சென்சார்களிலும் மூன்றாவது சுவிட்சையும் ஆறாவது சுவிட்சையும் மேலே தள்ளினேன். ஒழிந்தது சனி என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன் அண்ணே. நீங்கள் அப்படிக் கிண்டல் செய்ததே நான் வந்து சண்டை போடட்டும் என்றுதானோ என்று இப்போது தோன்றுகிறது. சண்டை போட்டிருந்தால் பேசியிருப்போம்.

பதினோரு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை. என் வீட்டுக்காரி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மதியம் வந்து, ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் அந்தப் பெட்டிக்கு நேர்கீழே பாய் போட்டுப் படுத்துத் தினசரி படித்துக்கொண்டிருந்தேன். தூங்கக்கூட இல்லை. நாலு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு பெசன்ட் நகரில் ஒரு வேலைக்குப் போனேன். ஏழு மணிக்குத் திரும்பினால் தெருமுனையிலேயே எதிர்வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அசோக் நகரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த மதினி நாலரைக்கு வந்து பார்த்திருக்கிறார், நீங்கள் கட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பிய பிறகு மதினி என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். உங்கள் கட்டில் தலைமாட்டில் அந்தச் சிவப்புப் பொத்தான் இருந்தது. மதினிதான் பேசினார்.

“எங்க சைரன், பீப்புச் சத்தம் எல்லாத்தையும் அவுக அப்பவே நிறுத்திட்டாக தம்பி. நீங்க கதவைத் தொறந்தாலே இங்க கத்துதுன்னு. பொட்டியில லைட்டு மட்டும் எரியும். ராத்திரி நீங்க வர்ற நேரத்துக்கு அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாக. எரிஞ்சதும், ‘பய வந்துட்டான்’னு சொல்லிட்டுத்தான் சாப்பிட உக்காருவாக. மாட்டுன ஆளு மறுநாளே வந்து, ‘பக்கத்து வூட்டுதும் இதுவும் ஒரே நம்பர் சார், மாத்திடவா’ன்னு கேட்டான். ‘தொடாத, அப்படியே கெடக்கட்டும்’னு விரட்டி விட்டுட்டாக. என்கிட்டயும் சொல்லியிருந்தாக. ‘ஒண்ணு ஆச்சுன்னா இதை அமுக்கு, அவனுக்குக் கேக்கும். கோவக்காரப் பயதான், ஆனா ஓடியாந்துருவான்’னு.”

கடைசியாக விளக்கு எரிந்து பல நாள் ஆகியிருக்குமே, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்க நினைத்தேன். மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியையும் சொன்னார்.

“பத்து நாளா ராத்திரி லைட்டு எரியலன்னதும், ‘அவன் கதவுல பேட்டரி போயிருக்கும், இங்க எரியுதான்னு வந்து கேட்டாத்தான் என்ன, கொறஞ்சா போயிருவான்’னு முணங்கிக்கிட்டிருந்தாக. அன்னிக்கு ஆட்டோல என் மடியில சாஞ்சு படுத்துக்கிட்டு, ‘மூணு மணியில இருந்து அமுக்குதேன். பாவம், தம்பி வீட்ல இல்ல போலிருக்கு’ன்னாக. அதான் கடைசி. நீங்க வெளியே போயிருந்தீகளா தம்பி?”

“ஆமா மதினி. பெசன்ட் நகர்ல ஒரு வேலை, காலையிலேயே போயிட்டேன்” என்றேன்.

“மனசைப் போட்டுக் கொழப்பிக்காதீக. இருந்திருந்தா வந்திருப்பீக, எனக்குத் தெரியாதா?” என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தார். தாலி அறுத்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டு எழுந்து வந்தேன்.

இரண்டு சுவிட்சுகளையும் அன்றைக்கே கீழே இறக்கிவிட்டேன். யாருக்காக என்று கேட்காதீர்கள். மதினி கதவைத் திறக்கும்போதெல்லாம் பல வருஷம் என் கூடத்தில் ‘பீப்’ கேட்டது, ஒருநாள் அதுவும் நின்றது. இன்றும் காய்கறி வாங்கப் போகும்போது என் கேட்டில் நின்று, தம்பிக்கு ஏதாவது வேணுமா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். ஒவ்வொரு தடவையும் வாய் வரை வருகிறது. ஒன்றும் வேண்டாம் மதினி என்கிறேன்.

அண்ணே, அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன்.