விட்டுப்போன நியூட்ரல்

1962, ஐப்பசி, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. மெயின் போர்டில் கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி கருகுகிறது, அது விட்டுப்போனால் பல்புக்கு இரட்டிப்பாகக் கரண்டு பாயும் என்று அச்சாபீஸ் முதலாளியிடம் மூன்று தடவை சொன்னேன். "தீபாவளி சீசன் முடியட்டும்லே" என்றார்.

இன்று காலை விட்டுப்போனது. லேபிள் அடுக்கிக்கொண்டிருந்த எஸ்தரக்காவின் தலைக்கு மேல் பல்பு வெள்ளையாக எரிந்து வெடித்தது. கண்ணாடிச் சில்லு இடது கண்ணில் இறங்கிவிட்டது.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தால் முதலாளி, "வயர்மேன் நீதானலே? கம்பிய முறுக்கி மிஷின ஓட விடு, லேபிள் லோடு நிக்குது" என்கிறார். மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மேனேஜர் வந்தார். "குடுத்துருங்க அண்ணே, இல்லன்னா முதலாளி போலீசுக்குப் போவாக."

"போகட்டும். புதுக் கம்பி போடாமத் தர மாட்டேன்."

நாளை எஸ்தரக்காவின் கண்கட்டைப் பிரித்துப் பார்க்கிறார்கள். இந்தக் கட்டைகளை நான் நேற்றே பிடுங்கியிருக்கலாம். பக்கத்தில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.