நோன்பு நாளில் முட்டை தடவிய ரொட்டி

கோலுபாட்ஸ்,
டிசம்பர் 21

அன்புள்ள விதாவுக்கு,

உன் கணவன் த்ராகிஷா எழுதுவது. நான் சௌக்கியம். உன் அம்மா எந்த அளவுக்குச் சௌக்கியம் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இடுப்பெலும்பு இன்னும் கூடவில்லை. தூக்கி உட்கார வைத்தால் அரைமணி நேரம் தாங்குகிறார். வாய் மட்டும் முன்னைவிடத் தெம்பாக இருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. இருபத்தெட்டாம் தேதி உங்கள் சரக்குப் படகு நம் ஊர்த்துறைக்கு வரும்போது இறங்கிவிடப் போவதாகவும், கேப்டன் தேர்வுக்கு இன்னும் நாற்பது நாள் பணி பாக்கியிருந்தாலும் போகட்டும் என்றும் எழுதியிருக்கிறாய். பெற்ற தாயைப் படுக்கையில் விட்டுவிட்டுச் சுக்கான் பிடிக்கிறவள் என்ன மகள் என்றும் கேட்டிருக்கிறாய். முதலில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று முன்தினம் உங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடும் வீட்டுப் புனிதர் நிக்கோலாவின் திருநாள். கோதுமை வேகவைத்தேன், மீன் பொரித்தேன், திருநாள் ரொட்டியும் நானே சுட்டேன். பளபளவென்று வரட்டுமே என்று மேலே முட்டை தடவிவிட்டேன். என் பிறந்த வீட்டுத் திருநாள் நோன்பில்லாத மே மாதம், அங்கே அப்படித்தான் வழக்கம். கிறிஸ்துமஸ் நோன்பில் மீன் ஆகும், முட்டை ஆகாது; மீன் வரைக்கும் நினைவிருந்த நோன்பு ரொட்டியில் மறந்துவிட்டது. ரொட்டியை ஆசீர்வதித்து வெட்ட வந்த பாதிரியார் அதைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தபோதுதான் உறைத்தது.

உன் பெரியப்பா மகன் கோய்கோ சும்மா இருப்பானா? “என்ன மச்சான், பொண்டாட்டி படகு ஓட்டுறா, நீங்க முட்டை தடவுறீங்களா? வீட்டோட மாப்பிள்ளையா வந்தா இதான் கதி” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அத்தை படுக்கையிலிருந்தே, “நான்தான்டா தடவச் சொன்னேன். ரெண்டு மாசமா என்னைத் தூக்கிக் குளிப்பாட்டுறது அந்தக் கைதான். நீ ஒருநாள் எட்டிப் பாத்தியா?” என்றார். பதினேழு வருஷத்தில் அவர் எனக்காகச் சொன்ன முதல் பொய். பாதி ஊருக்கு இதே திருநாள் என்பதால் பக்கத்து வீட்டில் ஒரு ரொட்டி கூடுதலாக இருந்தது. அதை வாங்கி வந்தேன்; பாதிரியார் அதை வெட்டிச் சடங்கை முடித்தார்.

விதா, என் அப்பா இந்த வீட்டுக்கே வந்து நான்கு வருஷம் படுத்திருந்தார். படகுப் பள்ளியில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் புண்ணைக் கழுவியவள் நீ. மருமகள் என்றால் செய்யத்தானே வேண்டும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அத்தையைத் தூக்கும்போதுதான் அது எத்தனை கனம் என்று தெரிகிறது. காலம் கடந்து சொல்கிறேன், நன்றி. தாயைப் பார்த்துக்கொள்வது இந்த வீட்டின் கடமை. அதை மகள்தான் செய்ய வேண்டும் என்று எந்தப் புனிதரும் சொல்லவில்லை.

நாற்பது நாள் கழித்து நீ வரும்போது அம்மா இருப்பாரா என்று கேட்டிருக்கிறாய். தெரியாது. டாக்டரிடமும் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். தன்னை ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். பிறகு, “இறங்க வேணாம்னு எழுது. போறப்ப படகுச் சங்கை ஊதிட்டுப் போகச் சொல்லு” என்றார். நானும் அதையே கேட்டுக்கொள்கிறேன். இறங்காதே.

புனித நிக்கோலா உன் கைக்குத் துணையிருக்கட்டும். இருபத்தெட்டாம் தேதி காலையிலேயே அத்தையை ஜன்னலோரம் உட்கார வைத்திருப்பேன். அவருக்குக் காது இப்போது கொஞ்சம் மந்தம். நீளமாக ஊது.

என்றும் உன்,
த்ராகிஷா