மதியச் சாப்பாடு வரை காத்திருந்த செய்தி

என்னைப் பெற்ற உம்மா, உங்கள் மீது ஸலாம்.

கண்டக்குழியில் காற்றுக்காலம் தொடங்கிவிட்டது. பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். "இவனுகளுக்கு வேற வேலை இல்லையா" என்று நீங்கள் கேட்கும் காலம். உங்கள் மகனுக்கு வேலை இருக்கிறது உம்மா. அந்த வயிற்றெரிச்சலைத்தான் எழுதுகிறேன்.

நான் பார்க்காத வேலை என்ன? மன்னாரிலிருந்து எங்களை விரட்டியபோது உடுத்த துணியோடு உங்கள் கையைப் பிடித்து வந்தவன், கிடைத்ததையெல்லாம் செய்தேன். கற்பிட்டியில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தேன். கருவாட்டு லொறியில் போனேன். சண்டை முடிந்ததும் தொண்டு நிறுவனம் ஒன்றின் வாகனம் ஓட்டினேன், அவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். பிறகு கத்தார். பிறகு ஆலங்குடாவில் ஒரு விடுதியின் முன்மேசை. அங்கே அறை பதிகிற மென்பொருளை நன்றாகப் பழகிக்கொண்டேன். அதை விற்கும் கொழும்புக் கம்பனியே என்னைக் கூப்பிட்டு வேலை தந்தது.

"அது என்ன வேலை மகன்?" என்று கேட்டீர்கள்.

"ஹோட்டல்காரங்கட கம்பியூட்டர்ல பிழை வந்தா போன் எடுப்பாங்க உம்மா. நான் கதைச்சுத் திருத்துறது."

"கதைச்சாத் திருந்துமா? அப்ப உன்ட மச்சானோடயும் கொஞ்சம் கதையேன்."

விழுந்து விழுந்து சிரித்தோம். தங்கச்சியின் புருஷனோடு நீங்கள் முகம் கொடுத்துக் கதைக்காத காலம் அது. கடைசிவரை கதைக்கவே இல்லையே, ஏன் உம்மா?

கொழும்பில் எங்கள் கந்தோரில் ஒரு சட்டம். வேலை தொடங்குமுன் கைப்பேசியை வெளியே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டவேண்டும். வாடிக்கையாளரின் விவரம் வெளியே போய்விடுமாம். நீங்கள் மௌத்தான அன்று காலையும் பூட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். தங்கச்சி எடுத்த அழைப்பெல்லாம் அந்த அலுமாரிக்குள்ளேயே அடித்து ஓய்ந்திருக்கிறது.

கடைசியில் அவள், நான் கொண்டுவந்து மாட்டிய கம்பனிக் கலண்டரில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தாள். சிங்களத்துக்கு ஒன்றை அழுத்து, தமிழுக்கு இரண்டை அழுத்து என்றது இயந்திரம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. முற்றத்தில் உங்களைக் கிடத்திவிட்டு அவள் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒருவழியாக ஒரு பையன் எடுத்து, "எந்த ஹோட்டல்?" என்றானாம்.

"ஹோட்டல் இல்ல தம்பி, எங்கட உம்மா மௌத்தாகிட்டாங்க. நானாவக் கூப்பிடுங்க."

நானா என்றால் அண்ணன் என்று விளங்கி, என் பெயரையும் கேட்டுக்கொண்டு அவன் பாவம், எங்கள் மேற்பார்வையாளர் நிலூகா மிஸ்ஸிடம் ஓடினான். நான் அப்போது மலைநாட்டு ஹோட்டல் ஒன்றோடு கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துக் குழம்பிப்போயிருந்தார்கள். நிலூகா மிஸ் என்னைப் பார்த்தார், யோசித்தார். கையிலுள்ளதை முடிக்கட்டும், ஒரு வாய் சோறு சாப்பிடட்டும், பிறகு சொல்வோம் என்று முடிவெடுத்தார். அவர் சிங்களவர், அவர்கள் வழக்கத்தில் உடலைப் பெட்டியில் வைத்து நாட்கணக்கில் வீட்டில் வைத்திருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்வரை பார்த்திருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார், நாங்கள் அன்றே அடக்கிவிடுவோம் என்று அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை எல்லோரும் போக வேனும் பேசிவிட்டார். அவர் மனதில் அது இரக்கம். அந்த இரக்கத்தில் இடி விழ!

நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார். ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து தங்கச்சிக்கு எடுத்தேன்.

"எங்க நானா நிக்கிறீங்க? பகல் லுஹர் தொழுகையோட தூக்கிட்டாங்க. இதுக்கு மேல வெச்சிருக்க ஏலாதுண்டு சொல்லிட்டாங்க."

"ஆரு கபுருக்குள்ள இறக்கினது?"

"இவர்தான்."

பெண்ணை மண்ணுக்குள் இறக்கும் கை மகனுடையதாக இருக்கவேண்டும், அல்லது அப்படி உரிமையுள்ள ஒருவனுடையதாக. உங்களுக்கு மகன் என்று இருந்தது நான் ஒருவன். உங்கள் கூடப்பிறந்தவர்களும் உங்களுக்கு முன்பே போய்விட்டார்கள். நீங்கள் முகம் கொடுக்காத அந்த மருமகன்தான் உங்களைத் தாங்கி இறக்கினார், அழுதுகொண்டே இறக்கினாராம். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு?

கந்தோரில் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். மறுநாள் வீட்டுக்கு வேன் வந்தது. எல்லோரும் வெள்ளை உடுத்து, கம்பனிப் பெயர் எழுதிய மலர்வளையத்தோடு இறங்கினார்கள். "அம்மா எங்கே?" என்று நிலூகா மிஸ் சிங்களத்தில் கேட்டார். நேற்றே அடக்கிவிட்டோம் என்றேன். அவர் படியிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். உம்மாவை இழந்த நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன், பாருங்கள் என் தலையெழுத்தை! அந்த மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேலியில் சாத்தினோம். பக்கத்து வீட்டு ஆடு தின்றது.

திரும்பவும் அதே வேலைக்குத்தான் போகிறேன். இந்த வயதில் இன்னொன்றைப் பழக எனக்குத் தெம்பில்லை.

ஆனால் ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. அன்று காலை நான் கதைத்ததற்கு அந்த ஹோட்டல்காரர் பத்துக்குப் பத்துப் புள்ளி கொடுத்தார். பொறுமைக்கு இதுதான் உதாரணம் என்று அந்த அழைப்பின் ஒலிப்பதிவைப் புதிதாகச் சேர்பவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். "அவசரப்படாதீங்க சேர். உங்கட பிரச்சின முடியுமட்டும் நான் எங்கயும் போகமாட்டேன்" என்று என் குரல் தேன் ஒழுகச் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

நாளைக்கும் புதியவர்கள் வருகிறார்கள். நாளை வெளியே போகமாட்டேன் உம்மா. நிலூகா மிஸ்ஸின் முன்னாலேயே பதிவை நிறுத்தச் சொல்லி, "இவன் இதைச் சொன்ன நேரத்தில் இவனுடைய உம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்" என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்வேன். வேலை போனால் போகட்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களை இறக்கிவைக்கக் கொடுத்துவைக்காத,
உங்கள் ஒரே மகன்