சங்கிலிக் கொக்கியில் ஒரு சொட்டு

மதியச் சாப்பாட்டுக்கு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த நாகையா, சோற்றுப் பானை மூடிமேல் தங்கை புஷ்பவல்லி வைத்துப்போன சீட்டைப் பார்த்தான்.

"அண்ணே, கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் போறேன், இன்னிக்கு கெமிஸ்ட்ரி. ரசம் அடுப்பு மேல இருக்கு. சாயங்காலம் கிள்ளான் மாப்பிள்ளை வீட்டுக்காரவங்க கல்யாண நாள் குறிக்க வர்றாங்க. அவங்க எனக்குப் போட்ட சங்கிலி மேல இன்னும் சந்தேகம்தான். ஒரு சொட்டுத் திராவகத்த வச்சு மனுசன எடை போடுறியான்னு நேத்து கத்துனீங்க. அசல் தங்கத்த நைட்ரிக் திராவகம் ஒண்ணும் பண்ணாது. பித்தளையில செம்பு இருக்கு, அதனால பச்சையா நுரைக்கும். கொக்கிய உரசி விட்டேன், பச்சை நுரைதான் வந்துச்சு. ஆசாரி அவங்களையே ஏமாத்தியிருக்கலாம். பள்ளிக்கூடத்துல வாங்கின திராவகக் குப்பி அலமாரியில சங்கிலியோட இருக்கு. அவங்க முன்னால ஒரு சொட்டு விட்டு முகத்தப் பாருங்க."

அடியில் நுணுக்கி எழுதியிருந்தாள்: "கையில பட்டா வெந்துரும், பத்திரம். கோவம் என் மேலதானே, சாப்பிடுங்க."

கல்யாணம் வேண்டாமென்று சாக்குச் சொல்கிறாளோ என்றுதான் நாகையாவுக்குத் தோன்றியது. ஆனாலும் மாலையில் மாப்பிள்ளையின் அப்பா வந்து உட்கார்ந்ததும், சங்கிலியையும் திராவகக் குப்பியையும் எதிரே வைத்தான்.

"தங்கச்சி கெமிஸ்ட்ரியில படிச்சதுங்க, அசல் தங்கமான்னு தெரிஞ்சிடுமாம். ஒரு சொட்டு விட்டுப் பாக்கலாமா?"

அவர் குப்பியைத் திறக்கவே விடவில்லை. சங்கிலியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, "ரயிலுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டார்.

அவரைத் தாண்டி உள்ளே வந்த புஷ்பவல்லி, "விட்டீங்களாண்ணே?" என்றாள்.

"விட வேண்டிய வேலையே இல்லாமப் போச்சும்மா" என்றான் நாகையா. "பரீட்சை நல்லா எழுதுனியா?"