டிபன் பாக்ஸுக்குள் ஒரு டைமர்

இன்று காலை நம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். மூடியை நெம்பியதும் காபித் தூளும் சால்டரிங் புகையும் கலந்த அதே வாசனை. நீ போய் இரண்டு வருடம் ஆகியும் உள்ளேயே அடைந்து கிடந்திருக்கிறது. அதைச் செய்த நாட்களில் உன் தலைமுடியில்கூட இந்த வாசனைதான் அடித்தது.

திறக்கக் காரணம் இருந்தது. பொத்தானை அழுத்தினேன், எஸ்பிரெசோ கிரைண்டர் ஓடத் தொடங்கியது, நிற்கவே இல்லை. மேடை முழுக்கத் தூள். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இத்த கடாசிட்டு, டைமர் வெச்ச மெஷினா புதுசா வாங்கிடுக்கா" என்றார். எனக்கு வந்ததே கோபம்! நீயும் நானும் சேர்ந்து செய்ததில் மிச்சம், அதை நிறுத்தும் இந்த டிபன் பாக்ஸ் ஒன்றுதான்.

உப்பளம் பகுதியில் நாம் காபிக்கடை போட்ட புதிதில் வாங்கிய பழைய மெஷின். பொத்தானிலிருந்து கையை எடுக்கும்வரை அரைத்துக்கொண்டே இருக்கும். முட்டை வேகவைக்க நம் அம்மாக்கள் செபம் சொல்லி நேரம் பார்த்ததைப் போல, ஒரு கோப்பைக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' என்று நாமும் முடிவு செய்தோம். அதில்தான் வந்தது வினை. நீ பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் மகள். பள்ளியில் படித்த பிரெஞ்சு செபத்தைக் கடகடவென்று முடித்துவிடுவாய். நான் கோயிலில் சொல்வதைப் போலத் தமிழில் இழுத்துச் சொல்வேன். உன் காபி தூள் குறைந்து தண்ணீராக ஓடும், என்னுடையது தூள் கூடிச் சொட்டுச் சொட்டாகக் கசந்து இறங்கும். "அக்கா, இன்னிக்கு அரைக்கிறது யாரு?" என்று கேட்டுவிட்டு உட்காருகிறவர்களும் இருந்தார்கள்.

ஒருநாள் ஆள் நிறைந்த கடையிலேயே சண்டை வந்துவிட்டது. "மாதாகிட்ட பேச உனக்கு அவ்ளோ அவசரமா?" என்றேன். "கடைய நீயே நடத்திக்கோ. நான் வர்ல" என்று ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு நீ போய்விட்டாய். மூன்று நாள் வரவில்லை. வியாபாரம் கெட்டதைவிட நீ இல்லாததுதான் என்னைத் தின்றது. ஆனாலும் போன் செய்யவில்லை. என் வீம்புதான் உனக்குத் தெரியுமே.

நாலாம் நாள் நீயே வந்தாய். கையில் நேரம் வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் ஒரு ரிலே, நொடியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், கொஞ்சம் வயர், உன் வீட்டுப் பழைய டிபன் பாக்ஸ். "நேரத்த இது பாத்துக்கட்டும். நாம காபி போடலாம்" என்றாய். இரண்டு ஞாயிறு, பூசை முடிந்ததும் கடையில் உட்கார்ந்து, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தோம். நீ கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டாய். குமிழை எத்தனை நொடிக்கு வைப்பது என்ற பேச்சு வந்தபோது நான் முறைத்தேன். நீ சிரித்துவிட்டாய். "உன்னுதே வெச்சுக்கலாம்டி. சொல்லு" என்று போனில் நேரம் பார்த்தாய். நான் ஒரு சொல் விடாமல் நிதானமாகச் சொன்னேன். நீ குமிழைத் திருப்பி வைத்து மூடியை அழுத்தினாய். அன்று இறங்கிய முதல் காபியைக் குடித்துவிட்டு இரண்டு பேருமே இன்னொரு கோப்பைக்குப் பொத்தானை அழுத்தப் போனோம். அப்படி இருந்தது.

அதற்குப் பிறகு என் பீற்றலுக்கு அளவே இல்லை. யார் பாராட்டினாலும் "என் கணக்கு" என்பேன். நீ பாலைக் காய்ச்சியபடி தலையாட்டுவாய். ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது நர்ஸிடமும் அதையே அளந்தேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய்.

இன்றுதான் மூடியின் உட்பக்கத்தைப் பார்த்தேன். மார்க்கர் பேனாவில், உன் சாய்ந்த கையெழுத்து: "அவ 14. நான் 10. வெச்சது 12."

அடிப்பாவி! இத்தனை வருடம் என்னை ஜெயித்தவளாகவே நடமாட விட்டாயே. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். மெக்கானிக் பயந்துபோய், "இன்னாக்கா ஆச்சு?" என்றார்.

"ரிலே மட்டும் மாத்துங்க. குமிழ்ல கை வெக்காதீங்க" என்றேன்.

மாலையில் புதிதாக வந்த ஒருவர் கோப்பையைக் காலி செய்துவிட்டு, "சூப்பர் காபி. யாரு போட்டது?" என்று கேட்டார். கடையில் நான் ஒருத்திதான் நின்றிருந்தேன்.

"நாங்க ரெண்டு பேரும்" என்றேன்.